ஏஜென்ட் அண்ணாச்சியும் மம்சாபுரத்துக்காரனும்

பலகுரல் கலைஞனிடம் ஐம்பது குரல் இருக்கும். ஏஜென்ட் போனில் வந்துவிட்டால் மட்டும் "சரிங்கண்ணாச்சி" என்கிற ஒரே குரல்தான் வெளியே வரும். கோவில் கொடை விழா, கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று மேடையேறிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஏஜென்ட் வீட்டுப் படி ஏறி இறங்கியவர்கள் இதைப் படித்தால் என்மேல் பரிதாபப்படுவீர்கள். மற்றவர்கள் திட்டுவீர்கள். இரண்டும் எனக்குப் பழக்கம்தான்.

என் பெயர் செல்வம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். குக்கர் விசில், மில் சங்கு, மேட்டில் திணறும் டவுன் பஸ், ராஜபாளையம் நாய் குரைப்பது எல்லாம் என் வாயில் வரும். எனக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுப்பவர் ராஜபாளையத்தில் இருக்கும் தர்மர் அண்ணாச்சி. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுப்பட்டில் எந்த ஊர் மேடையில் யார் ஏறுவது என்று அவர்தான் தீர்மானிப்பார். பதினெட்டு வருடமாக நான் அவர் ஆள்.

முருகேசனும் அவர் ஆள்தான். மம்சாபுரத்துக்காரன், அவனும் பலகுரல், என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனை அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போய், "பையன் நல்லாப் பண்ணுவான், பாத்துக்கோங்க" என்று சொன்னவன் நானேதான். அண்ணாச்சி பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருக்கக் கூடாதா என்று இன்றுவரை நினைக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. ஆடிப்பூரத்தை ஒட்டி எங்கள் தெருவில் ஒரு மேடை போடுவார்கள். அதில் ஏற வேண்டும். தெருக் கமிட்டிக்காரர்கள் பாட்டு, ஆட்டம், நடுவில் பலகுரல் என்று மொத்தத்தையும் அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் மூன்று வருடமாக முருகேசனைத்தான் அனுப்புகிறார். என் வீட்டு வாசலிலிருந்து இருபதடி தூரத்தில் அவன் குக்கர் விசில் அடிப்பான், என் தெரு விழுந்து விழுந்து சிரிக்கும். என் மனைவி முத்துலட்சுமி ஜன்னலைச் சாத்துவாள். சாத்திய ஜன்னலுக்குள்ளும் சிரிப்பு வரும். நானே கமிட்டியிடம் போய்க் கேட்கலாம்தான். ஆனால் ஏஜென்ட்டைத் தாண்டிப் போய் நிகழ்ச்சி பிடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் மரியாதை. தாண்டியவன் போட்டோ மறுநாள் அண்ணாச்சி அறைச் சுவரில் இருக்காது.

சுவரில் ஓர் இடம்

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சியிடம் இருக்கிற கலைஞர்கள் அத்தனை பேர் போட்டோவும் அதில் மாட்டியிருக்கும். நிகழ்ச்சி பேச வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆளைக் கேட்பார்கள். முருகேசன் போட்டோ நட்ட நடுவில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல். என் போட்டோ சுவிட்ச் போர்டுக்குக் கீழே. ஃபேன் வயர் என் நெற்றிக்குக் குறுக்கே போகும். அண்ணாச்சி புதுப் போட்டோ கொண்டுவரச் சொல்லிப் பல நாள் ஆகிறது, நான்தான் கொண்டுபோகவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்ததையே பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம், நேர்ப் பார்வை.

ஒரு வியாழக்கிழமை அறையில் யாருமில்லாத நேரம் பார்த்து இரண்டு போட்டோவையும் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். முருகேசன் நெற்றிக்குக் குறுக்கே வயர் போவதைப் பார்த்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அறை கூட்டுகிற பேச்சியம்மா அக்கா முருகன் படத்துக்குப் பூ வைத்திருக்கிறார். பூ மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் இருந்த படத்துக்கும் சுற்றிவிட்டு, நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். நான் உள்ளே நுழைந்தபோது நிகழ்ச்சி பேச வந்த பெரியவர் ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு என் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பிச் சொன்னது இது:

"நாயி மாதிரி நல்லாக் குலைப்பாரே, பாவம். எப்பத் தவறுனாரு?"

பார்த்துச் சொல்கிறேன்

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கலைஞர்கள் ஏஜென்ட்டிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கோட்டுப் போட்ட ஒருவர் பாடம் எடுத்தார். தேதி கேட்டால் உடனே சரி என்று சொல்லக் கூடாதாம். டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் நம்மேல் மதிப்பு வருமாம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மதிப்புக்குத்தானே பதினெட்டு வருடமாக அலைகிறேன்.

இரண்டு நாளில் அண்ணாச்சி போன் செய்தார். "ஏலே, பதினாலாந் தேதி சும்மாத்தான இருக்க?" என்றார். என் டைரியில் அந்த மாதம் முழுக்க எழுதியிருந்தது பால் கணக்கு மட்டும்தான். இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டைரியப் பாத்துட்டுச் சொல்றேங்கண்ணாச்சி" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். மதிப்புக் கூடட்டும் என்று அரைமணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, "பதினாலு நமக்குத் தோதுதான் அண்ணாச்சி" என்றேன். பதில் உடனே வந்தது.

"நீ பாத்துக்கிட்டே இருலே. முருகேசன் பாக்காமலே வாரேன்னுட்டான்."

ஏசி காரில் வந்தவர்

ஒரு நாள் அண்ணாச்சி, "ஷூட்டிங் ஒண்ணு வந்திருக்கு, காலைல ஆறு மணிக்கு மலையடிவாரத் தோப்புக்கு வந்துரு" என்றார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே வரவில்லை. முத்துலட்சுமி என் நீலச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். முதல் டவுன் பஸ் பிடித்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். ஏதோ விளம்பரப் படம். முருகேசன் முகத்தில் பவுடரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தோட்டக்காரர் வேஷம், மூன்று வரி வசனம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்கண்ணே" என்றான். அவன் எழுந்து கொடுத்த நாற்காலியில் எனக்கு எப்படி உட்காரத் தோன்றும்? நின்றுகொண்டே இருந்தேன்.

என் வேலை என்னவென்றால், ஒரு ராஜபாளையம் நாய் நடிக்கிறது; அது கேமராவைப் பார்த்தால் குரைக்க மாட்டேன் என்கிறது; அதற்குப் பதில் நான் மரத்துக்குப் பின்னால் நின்று குரைக்க வேண்டும். நாய் ஏசி காரில் வந்திறங்கியது. பால் மாதிரி வெள்ளை. எனக்கு மனிதன்மேல் பொறாமை வந்து பழக்கம் உண்டு. நாய்மேல் வந்தது அன்றைக்குத்தான். அதன் சொந்தக்காரர் அதனிடம் தெலுங்கில் கொஞ்சிப் பேசி, தட்டில் கறிச்சோறு வைத்தார். நான் பசி தாங்காமல் பக்கத்தில் போய் என் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் கோபப்படவே இல்லை, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்:

"தம்பி, செத்த தள்ளி உக்காந்து சாப்பிடுங்க. அந்நிய ஆளுக பக்கத்துல இருந்தா அது சாப்பிடாது."

நம்பர் கேட்டால்

ஏஜென்ட் அனுப்பிப் போன மேடையில் நம் சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. "நல்லாப் பண்ணுனீங்க, நம்பர் குடுங்க" என்று யார் கேட்டாலும் ஏஜென்ட் நம்பரைத்தான் சொல்ல வேண்டும். இது எழுதாத சட்டம். கூமாப்பட்டிப் பக்கம் ஒரு கொடைக்கு நானும் முருகேசனும் சேர்ந்து போயிருந்தோம். முடிந்ததும் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து நம்பர் கேட்டார். முருகேசனிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்! அந்தச் சந்தோஷத்தில் எழுதாத சட்டமெல்லாம் எனக்கு மறந்துபோனது. என் நம்பரைச் சொன்னேன். அவர் தப்பாகக் குறித்துவிடக் கூடாதே என்று ஒரு மிஸ்டு கால் வேறு கொடுக்கச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அவர் கூப்பிட்டார். வீட்டுக் கல்யாணம், ஒரு மணி நேரம் பலகுரல் வேண்டும் என்றார். நான் வாசலுக்கு வந்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "சொல்லுங்க, எந்த மண்டபம்?" என்று கேட்டேன். அவர் மண்டபம், தேதி, நேரம் எல்லாம் சொல்லி முடித்தார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். நான் அதைக் கேட்டுவிட்டு, எழுதாத சட்டத்தை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தேன். முருகேசன் நம்பரைக் கொடுக்காமல் தர்மர் அண்ணாச்சி நம்பரைக் கொடுத்தேன். அவன் பணத்தில் அண்ணாச்சி கமிஷனாவது குறையட்டும். பொறாமையினாலும் மனிதன் ஒழுக்கமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒங்க நம்பர் இருந்தது நல்லதாப் போச்சு. அன்னைக்கு ஒங்க கூட ஒருத்தர் வந்தாருல்லா, அந்த மம்சாபுரத்துக்காரரு? அவிய நம்பரைச் சொல்லுங்க."

பட்டன் போன்

இந்த வருடம் ஆடி பிறந்ததும் நேராக ராஜபாளையத்துக்குப் போய்விட்டேன். கேட்டுவிடுவது என்று முடிவு. அண்ணாச்சிக்கு முன்னால் நின்று, "எங்க தெரு மேடைய இந்த வருசம் எனக்குக் குடுங்கண்ணாச்சி" என்றேன். "தெருவுல நான் என்ன வேலை பாக்கேன்னே பாதிப் பேருக்குத் தெரியல. தண்ணி பிடிக்கப் போன எடத்துல, ஒங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கலையான்னு எம் பொண்டாட்டிகிட்ட கேக்காக." அண்ணாச்சி காதைக் குடைந்துகொண்டே கேட்டார். "தெனமும் கைலியோட பாக்குற ஆளு மேடையேறுனா எவன் சிரிப்பான்? முருகேசன்கிட்ட சொல்லியாச்சு" என்றார். இருமினார். டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

மேஜைமேல் அவருடைய பட்டன் போன் இருந்தது. புக்கிங்குக்கு என்றே அவர் வைத்திருக்கிற போன் அது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற தொழில்காரனுக்கு அந்த நேரத்தில் அழுகை வரும், இல்லையென்றால் கோபம் வரும். பலகுரல்காரனுக்கு வேறு ஒன்று வரும். அண்ணாச்சியின் குரல் பதினெட்டு வருடமாக என் காதில் விழுகிற குரல். அந்த இருமல், அந்த எரிச்சல், நாம் வாயைத் திறக்கும்முன் போனை வைக்கிற வேகம், எல்லாம் எனக்கு மனப்பாடம். எடுத்து முருகேசனைக் கூப்பிட்டேன். "ஏலே முருகேசா, வெள்ளிக்கிழமை அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேடைக்கு நீ போகாண்டாம். செல்வத்தப் போட்டாச்சு. என்ன ஏதுன்னு கேக்காத, வேலையப் பாரு" என்று சொல்லி, ஒரு இருமலும் இருமினேன். அச்சு அசல். அந்தப் பக்கம் அவன், "சரிங்கண்ணாச்சி" என்றான். போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் புத்தி வந்தது. அவன் திரும்பக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டால் என் கதி என்ன? போட்டோ போகும், பிழைப்புப் போகும். ஓடிவிடலாம் என்று எழுந்தபோது அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார். அடுத்த நிமிடமே அந்தப் போன் அடித்தது. முருகேசன்தான். அண்ணாச்சி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலோரம் போய் மெதுவாக ஏதோ பேசினார். என் காதில் எதுவும் விழவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்தில் மில் சங்கே ஊதினாலும் விழுந்திருக்காது. பேசி முடித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவனுக்குத் தொண்டை கட்டிக்கிடுச்சாம்லே. வெள்ளிக்கிழமை நீயே போய்த் தொலை. சொதப்புனன்னா போட்டோவக் கழட்டிருவேன்."

எங்கள் தெரு

நான் வெளியே வந்து சிரித்தேன். மேடை பறிபோன வெட்கத்தை மறைக்க, எனக்கே தொண்டை சரியில்லை, நானே வரவில்லை என்று அண்ணாச்சியிடமே கதை விடுகிறான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த நினைப்பே தித்தித்தது. அவன் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டிலிருந்து இருபதடி நடந்து மேடையேறினேன். முதல் பத்து நிமிடம் யாரும் சிரிக்கவில்லை. "இது மூணாம் வீட்டுச் செல்வம்லா?" என்று முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கள் தெருவையே எடுத்தேன். குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வருகிற சத்தம், அதைக் கேட்டுக் குடங்கள் ஓடுகிற சத்தம், தெருக்கோடி வீட்டு மிக்சி, பால்காரர் வண்டி கிளம்பாமல் அழுவது. இதையெல்லாம் மம்சாபுரத்துக்காரன் செய்ய முடியாது. தெரு அதிர்ந்தது. பால்காரரே எழுந்து நின்று விசில் அடித்தார். என் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. முத்துலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்களிடம் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நாய் மாதிரி குரைத்தேன்.

இறங்கி வரும்போது முருகேசன் பந்தலுக்கு ஓரமாக, நிறுத்தியிருந்த ஒரு பைக்மேல் உட்கார்ந்திருந்தான். முழு நிகழ்ச்சியையும் பார்த்திருக்கிறான். "என்னலே, தொண்டை எப்பிடி இருக்கு?" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. "தொண்டைக்கு என்னண்ணே, நல்லாத்தான் இருக்கு. அந்தக் குழாய்ச் சத்தம் பிரமாதம்" என்றான். "பொறவு ஏம்லே அண்ணாச்சிகிட்ட அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். அவன் பைக்கிலிருந்து இறங்கி, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னான்:

"இருமல்லாம் அப்பிடியே அண்ணாச்சிதாண்ணே, நானே அரண்டுட்டேன். ஆனா எங்கிட்ட அவரு, 'சாப்பிட்டியா தம்பி'ன்னு கேக்காம ஒரு நாளும் பேச்ச ஆரம்பிச்சதில்ல. நீங்க எடுத்ததும் 'ஏலே'ன்னு அதட்டுனீங்களா, அங்கதான் நீங்கன்னு கண்டுபிடிச்சேன். ஒங்ககிட்ட அவரு இப்பிடித்தான் பேசுவாரான்னு நெனச்சேன், மனசு கேக்கல. அதான் தொண்டை கட்டிக்கிடுச்சு."

முன்பெல்லாம் அவன் மேடையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியும். இப்போது அவனுடைய நல்ல மனசைப் பார்த்தும் எரிகிறது, இதற்கு எந்த ஏஜென்ட்டிடம் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.